வீட்டுக்குள் கூட்டமாக நுழையும் பொறிவண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்நாடுகளில் வீடு எடுத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் எனக்கு ஒரே மாதிரிப் படங்களை அனுப்புகிறார்கள்: ஜன்னல் மூலையில், திரைச்சீலை மடிப்பில், கூரை விளக்கைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வண்டுக் கூட்டம். கூடவே வரும் சந்தேகங்களும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மாதக் கணக்கெல்லாம் வட அரைக்கோளத்துக்கு உரியது. தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளவும்.

தோட்டத்துல பார்க்கிற அதே லேடிபக் தானே இது? எதுக்கு இப்படிக் கூட்டமா வீட்டுக்குள்ள வருது?

குடும்பம் ஒன்று, இனம் பெரும்பாலும் வேறு. பொறிவண்டுகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. அவற்றில் பல, குளிர்காலத்தை மரப்பட்டைக்கு அடியிலோ உதிர்ந்த இலைக் குவியலிலோ கழித்துவிடும். சில இனங்கள் ஜன்னல் சட்டத்தில் பத்து இருபதாக ஒண்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கில் சுவரை மொய்த்து உள்ளே நுழைகிறது என்றால், அது ஏறக்குறைய எப்போதும் ஆசியப் பொறிவண்டுதான். அறிவியல் பெயர் ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ்.

கிழக்கு ஆசியாவில், அதன் சொந்த இடத்தில், இது குளிர்காலத்தைப் பாறைப் பிளவுகளில் கூட்டமாகக் கழிக்கும். வெயில் படும் உயரமான பாறை முகப்பைத் தேடிப் பறக்கிற வண்டுக்கு, உங்கள் வீட்டுச் சுவரும் ஒரு பாறைதான். கிடைத்த பிளவுக்குள் நுழைகிறது. அந்தப் பிளவு உங்கள் படுக்கையறையில் போய் முடிவது அதன் திட்டத்திலேயே இல்லை.

இது ஆசிய வண்டுதான்னு எப்படி உறுதியாச் சொல்றது?

நிறத்தை நம்பாதீர்கள். வெளிர் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு வரை எல்லா நிறத்திலும் இருக்கும். புள்ளியே இல்லாததும் உண்டு, பத்தொன்பது புள்ளி உள்ளதும் உண்டு. தலைக்குப் பின்னால், இறக்கை தொடங்குவதற்கு முன் இருக்கும் வெண்ணிறப் பகுதியைப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்து 'எம்' போலக் கறுப்புக் குறி தெரியும் (எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் 'டபிள்யூ'). கறுப்பு வகைகளில் இந்தக் குறி தெளிவாக இருக்காது. நீளம் 5 முதல் 8 மி.மீ. வரை.

அழகான சிவப்பில் சரியாக ஏழு புள்ளி, தலைக்குப் பின்னால் கறுப்பு, இரு ஓரத்திலும் மட்டும் வெள்ளைப் பொட்டு என்றால் அது ஏழுபுள்ளிப் பொறிவண்டு. அதைப் பார்த்தால் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

யாரோ வேணும்னே கொண்டுவந்து விட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் சதி எதுவும் இல்லை. அசுவினிப் பூச்சிகளை (செடிப்பேன்) இயற்கையாகக் கட்டுப்படுத்தத்தான் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் 1916-லேயே கலிபோர்னியாவில் விட்டுப் பார்த்தார்கள். நிலைக்கவில்லை. பிறகு பல மாநிலங்களில் வேளாண் துறை மீண்டும் மீண்டும் விட்டது. தானாகப் பெருகி வாழும் கூட்டம் முதன்முதலில் 1988-இல் லூசியானாவில் கண்டறியப்பட்டது. அது அங்கே விடப்பட்டவற்றின் வழித்தோன்றலா, துறைமுகம் வழியாகத் தற்செயலாக வந்ததா என்பதில் பூச்சியியலாளர்களிடையே நீண்டகாலமாக விவாதம் உண்டு. ஐரோப்பாவிலும் பசுமைக்குடில் பயிர்களுக்காக விற்கப்பட்டது. பிரிட்டனுக்கு யாரும் கொண்டுபோகவில்லை. 2004-இல் அதுவாகவே போய்ச் சேர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டுல ஒண்ணுகூட இல்ல. என் வீட்டுக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்குள் 'நான் வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கவில்லையோ' என்ற கூச்சம் ஒளிந்திருக்கும். சுத்தத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வண்டு உங்கள் சமையலறையைத் தேடி வரவில்லை.

வெளிர் நிறச் சுவர், அதில் எடுப்பாகத் தெரியும் இருண்ட ஜன்னல் சட்டமோ விளிம்போ, மறைப்பில்லாமல் பிற்பகல் வெயில் விழும் தெற்கு அல்லது தென்மேற்குப் பக்கம், மேட்டில் தனித்து நிற்கும் வீடு, அருகில் வயலோ காடோ. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் உங்கள் வீடுதான் இலக்கு. பழைய வீடாக இருந்தால் இடுக்குகளும் கூடுதல். பக்கத்து வீட்டின் முன் பெரிய மரம் நிழல் தருகிறது என்றால் அதுவே அவர்கள் தப்பித்ததற்குக் காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதை 'அடுத்த வருஷமும் வருமா' என்ற கேள்வியில் சொல்கிறேன்.

எந்த நாள்ல வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா?

ஓரளவு முடியும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் பருவம். முதல் கடுங்குளிர் இரண்டொரு நாள் அடித்து ஓய்ந்தபின், வெயிலும் இதமான சூடும் திரும்பும் பிற்பகலைக் கவனியுங்கள். வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூட்டமாகப் பறக்கும். அறுவடை முடிந்த வயல்கள் அருகில் இருந்தால், குறிப்பாகச் சோயா வயல்கள், வரத்து இன்னும் அதிகம். அசுவினி தீர்ந்துபோன வயலில் அவற்றுக்கு வேலை இல்லை. அந்தப் பிற்பகல்களில் ஜன்னல் கதவுகளைத் திறந்து போடாமல் இருப்பதே பாதித் தற்காப்பு.

கடிக்குமா? ஏதாவது நோய் வருமா?

ஆசியப் பொறிவண்டு சில நேரம் மெல்லக் கிள்ளும். வியர்வை பட்ட தோலில் உப்பும் ஈரமும் தேடிக் கடித்துப் பார்ப்பதுதான் அது. ஊசி குத்தியது போல ஒரு சுருக், அவ்வளவே. விஷம் ஏற்றாது, கொசுவைப் போல நோயும் பரப்பாது.

ஒவ்வாமையைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது. இந்த வண்டு கசியவிடும் திரவத்திலும் செத்து உலர்ந்த உடல் தூளிலும் உள்ள புரதங்கள் சிலருக்கு மூக்கொழுகல், கண் அரிப்பு, தோல் தடிப்பு, ஆஸ்துமா வரை கொண்டுவந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வண்டுப் பருவத்தில் மட்டும் வீட்டில் ஒருவருக்கு இருமலும் இழுப்பும் வந்து, வெளியூர் போனால் குறைகிறது என்றால் மருத்துவரிடம் இந்த வண்டுகளைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை ஒண்ணை வாயில போட்டுட்டா? நாய் தின்னுட்டா?

ஒன்றிரண்டு விழுங்கியதால் பெரிய ஆபத்து இல்லை. கசப்பு தாங்காமல் குழந்தையே துப்பிவிடும். வாயைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனை.

நாய் விஷயம் வேறு. தரையில் கூட்டமாகக் கிடப்பதை அது வாரித் தின்னும்போது வண்டுகள் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் திரவம் பட்டு வாய் புண்ணாகும். நாய் எச்சில் ஒழுக்கிக்கொண்டு, சாப்பிட மறுத்து, வாயைப் பாதத்தால் தேய்த்தால் வாயைத் திறந்து மேலே பாருங்கள். ஒட்டியிருப்பதை விரலாலோ மழுங்கிய கரண்டியாலோ எடுத்துவிடலாம். புண் தெரிந்தாலோ நிறைய விழுங்கியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சுவத்துல மஞ்சளா கறை. இது எச்சமா?

இல்லை, அது வண்டின் ரத்தம். மிரண்டால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவத்தைத் தானே கசியவிடும். தின்ன வரும் பறவையை விரட்டுவதற்கான ஏற்பாடு. கசப்புக்குக் காரணம் அதிலுள்ள ஆல்கலாய்டுகள். பச்சைக் குடைமிளகாயும் கெட்டுப்போன வேர்க்கடலையும் கலந்தது போன்ற நாற்றத்துக்குக் காரணம் பைரஸின் வகைச் சேர்மங்கள். இந்த நாற்றம் எவ்வளவு வலுவானது என்றால், திராட்சைக் குலையோடு சேர்ந்து ஆலைக்குள் போகும் கொஞ்சம் வண்டுகளே ஒரு தொட்டி ஒயினைக் கெடுத்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 2001-ஆம் ஆண்டு ஒயினுக்கு இந்தக் கதி நேர்ந்தது.

ஆகவே நசுக்காதீர்கள், துடைப்பத்தால் அடிக்காதீர்கள், துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். கறை பட்டுவிட்டால் ஈரம் காய்வதற்குள் மென்மையான சோப்புத் தண்ணீரில் ஒற்றி எடுங்கள். திரைச்சீலை, பெயின்ட் என்றால் மறைவான ஓரத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே முட்டையிட்டுப் பெருகிடுமா? மரத்தையோ துணியையோ அரிக்குமா?

இரண்டும் நடக்காது. வந்திருப்பவை எல்லாம் வளர்ந்த வண்டுகள், குளிர்கால ஓய்வில் இருப்பவை. இனப்பெருக்கம் வசந்தத்தில், வெளியே, அசுவினி இருக்கும் செடிகளில்தான் நடக்கும். மரம், துணி, தானியம் எதையும் தொடாது. உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்தே மாதங்களை ஓட்டும். இன்று முந்நூறு உள்ளே இருந்தால் அது ஆறாயிரமாக வழியில்லை. எண்ணிக்கை கூடுவது போலத் தோன்றுவது, சுவருக்குள் ஏற்கெனவே இருந்தவை அறைக்குள் வருவதால்.

சரி, உள்ளே வந்ததை எப்படி வெளியேத்துறது?

வேக்குவம் கிளீனர். இதைவிடச் சிறந்த வழியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நேராக உறிஞ்சினால் மிரண்ட வண்டுகள் பைக்குள் திரவத்தைக் கசியவிட்டு, அடுத்த முறை இயந்திரத்தைப் போடும்போது வீடெல்லாம் நாறும். அதற்கு ஒரு எளிய உபாயம் உண்டு. பழைய நைலான் காலுறை ஒன்றைக் குழாயின் வாய்க்குள் செருகி, அதன் விளிம்பை வெளிப்புறம் மடித்து ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். உறிஞ்சும்போது காலுறை உள்ளே பை போல நீளும். வண்டுகள் அதிலேயே தங்கிவிடும். முடிந்ததும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரப்பரை எடுத்து, காலுறையை வெளியே இழுத்தபடி வாயைக் கையால் பிடித்து முடிச்சுப் போடுங்கள். இயந்திரத்தை முதலில் நிறுத்தினால் பாதி வண்டுகள் திரும்பி நடந்து வந்துவிடும்.

சுழலும் தூரிகைத் தலையைக் கழற்றிவிடுங்கள், அது நசுக்கும். சில வண்டுகளே என்றால் ஒரு தாளால் மெல்லக் கிண்ணத்தில் தள்ளினால் போதும். மிரட்டாமல் தள்ளினால் கறை விழாது.

பிடிச்சதை என்ன பண்றது? வெளியே விட்டா குளிர்ல செத்துடாதா?

இலையுதிர்காலத்தில் வீட்டிலிருந்து தள்ளிப்போய் விடலாம். அவை வேறு இடம் தேடிக்கொள்ளும், சில உங்கள் வீட்டுக்கே திரும்பவும் வரலாம். நடுக்குளிரில் சூடான அறையிலிருந்து நேராகப் பனியில் கொட்டினால் பெரும்பாலும் சாகும். கொல்ல மனமில்லை என்றால், சூடேற்றப்படாத கொட்டகையில் உலர்ந்த இலை போட்ட பெட்டியில் வைத்துவிடுங்கள். கொல்வதென்று முடிவெடுத்தால், சோப்பு கரைத்த தண்ணீர் வாளியில் கொட்டிவிடுவது விரைவான வழி. இது ஓர் ஆக்கிரமிப்பு இனம் என்பதால் இந்த விஷயத்தில் குற்ற உணர்ச்சி தேவையில்லை என்பது என் கட்சி. வீட்டில் குழந்தைகளின் கட்சி வேறாக இருக்கும்.

ஒரு ஸ்ப்ரே அடிச்சா முடிஞ்சுதே, இவ்வளவு எதுக்கு?

முடியாது. அறைக்குள் அடிக்கும் மருந்தும் புகைக் குப்பியும் வெளியே தெரியும் வண்டை மட்டும் கொல்லும். சுவருக்குள் இருப்பவை நாளை வரும், மருந்தோ உங்கள் மெத்தையிலும் சமையல் மேடையிலும் படிந்திருக்கும்.

சுவருக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினால்? அது இன்னும் மோசம். உள்ளே குவியும் செத்த வண்டுகளைத் தின்னக் கம்பள வண்டுகள் வரும். அவற்றின் புழுக்கள் வண்டுக் குவியல் தீர்ந்ததும் உங்கள் கம்பளியையும் பட்டையும் தேடிப் போகும். வசந்தத்தில் தானாகப் போகவிருந்த விருந்தாளியைக் கொன்று, நிரந்தரக் குடியிருப்பாளரை அழைத்துவந்த கதையாகும்.

அப்போ பெஸ்ட் கண்ட்ரோல்காரர் வெளிச்சுவருக்கு அடிக்கிறதும் வீணா?

அது வீண் இல்லை, ஆனால் நேரம் தவறினால் வீண்தான். பைரித்ராய்டு வகை மருந்தை வண்டுகள் வந்து இறங்கும் சற்று முன், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில், ஜன்னல் ஓரம், கூரை விளிம்பு, காற்றுத் துளைகளைச் சுற்றி அடித்தால் பலன் இருக்கும். வெயில் பட்டால் மருந்தின் வீரியம் சில நாட்களிலேயே குறைந்துவிடும். நவம்பரில் வண்டெல்லாம் உள்ளே போனபிறகு அடிப்பது வெறும் செலவு. இந்த மருந்து மீனுக்கும் தேனீக்கும் கேடு. பக்கத்தில் குளமோ பூச்செடியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இடுக்குகளை நன்றாக அடைத்த வீட்டுக்கு இது தேவையே படுவதில்லை.

எதை, எங்கே அடைக்கணும்?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனால் எல்லோரும் கடைசியாகக் கேட்பது. காலம் ஆகஸ்ட், தாமதமானால் செப்டம்பர் நடுப்பகுதி. 3 மி.மீ. இடைவெளி போதும், வண்டு நுழைந்துவிடும்.

வெயில் படும் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் கோட்டில் சிலிக்கோன் சீலண்ட். ஏர்கண்டிஷனர் குழாய், மின்கம்பி, கேபிள், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டைகள். ஒவ்வொன்றையும் சுற்றி விரல் வைத்துப் பாருங்கள், எத்தனை இடத்தில் காற்று வருகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள். கதவின் அடியில் ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை. ஜன்னல் வலையில் கிழிசல் இருந்தால் மாற்றம். இதெல்லாம் தரையில் நின்று செய்யக்கூடியது.

கூரைப் பகுதி கடினம், ஆனால் பெரும்படை நுழைவது அங்கேதான். கூரை விளிம்பின் அடிப்பலகை சுவரைத் தொடும் இடம், பரணின் காற்றுத் துளைகள், புகைபோக்கியைச் சுற்றிய விளிம்பு. காற்றுத் துளையைச் சீலண்டால் மூடிவிடாதீர்கள், பரணில் ஈரம் தங்கி மரம் கெடும். நுண்வலை பொருத்துங்கள். செங்கல் சுவரின் அடியில் விட்டிருக்கும் நீர்வடி துளைகளுக்கும் இதே விதி. ஏணி ஏறிப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை ஆளை வைத்தே செய்யுங்கள். இப்படி அடைத்தால் நாற்றப் பூச்சிகளும் குளிருக்கு ஒதுங்கும் ஈக்களும் சேர்ந்தே தடைபடும், வீட்டைச் சூடேற்றும் செலவும் குறையும்.

கற்பூரம் வெச்சா ஓடிடும்னு அம்மா சொல்றாங்க.

அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. கற்பூர ஆவியும் மெந்தால் ஆவியும் இந்த வண்டை விலக்குவதை ஆய்வகச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் ஆவி சீக்கிரம் கரைந்துவிடும், வண்டுகள் வாரக் கணக்கில் வரும். ஒரு ஜன்னல் மூலைக்கு உதவலாம், வீட்டுக்குக் காவலாகாது. கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும் அளவுக்கு ஆபத்து என்பதால், தவழும் குழந்தை உள்ள வீட்டில் மூலைக்கு மூலை வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விளக்குப் பொறி வாங்கலாமா?

இருட்டான பரணுக்குப் புற ஊதா விளக்குப் பொறி பயன்படும். பகல் வெளிச்சம் உள்ள அறையில் ஜன்னலே பெரிய விளக்கு, உங்கள் பொறியை எந்த வண்டும் மதிக்காது. வெளியே வைக்காதீர்கள், தேவையில்லாத பூச்சிகள் எல்லாம் சாகும்.

எல்லாத்தையும் அடைச்சாச்சு. ஆனா ஜனவரியில வருதே!

அடைப்பதற்கு முன்பே சுவருக்குள் போனவை அவை. வெயில் அடித்துச் சுவர் சூடானாலோ அறைச் சூடு உள்ளே எட்டினாலோ, வசந்தம் வந்துவிட்டது என்று நினைத்து விழித்து வெளிச்சத்தை நோக்கி வருகின்றன. ஜன்னலில் மொய்ப்பது வெளியே போகத்தான். இப்போது அடைக்க வேண்டியது உள்பக்கம்: ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பு, ஸ்விட்ச் பலகை ஓரம், கூரை விளக்கின் அடிப்பகுதி, சுவரடிப் பலகை. மின் பலகையைத் தொடும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். அறைக்குள் வந்துவிட்டவை சூடேற்றிய வறண்ட காற்றில் அதிக நாள் தாங்காது. மற்றபடி காலுறை முறைதான்.

அடுத்த வருஷமும் வருமா?

ஒன்றும் செய்யாவிட்டால் வர வாய்ப்பு அதிகம். 'என் வீடு மட்டும் ஏன்' என்ற கேள்வியில் பாக்கி வைத்த காரணம் இதுதான்: தங்கிய இடத்தில் வண்டுகள் விட்டுப்போகும் உடல் மெழுகும் எச்சமும் புதிதாக வருபவற்றுக்கு 'இங்கே தங்கலாம்' என்ற அடையாளமாகின்றன. அதனால் வசந்தத்தில் கடைசி வண்டு போனதும் ஜன்னல் தடங்கள், பரண் மூலைகள், வெளிச்சுவரில் அவை மொய்த்த இடங்கள் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். செத்த குவியலையும் அப்போதே அள்ளிவிடுங்கள்.

தோட்டத்துல இருக்கிறதையும் ஒழிச்சா வீட்டுக்கு வராதுல்ல?

வேண்டாம். வீட்டுக்கு வருபவை கிலோமீட்டர்கள் தாண்டியும் பறந்து வரக்கூடியவை, உங்கள் தோட்டத்தை ஒழித்தால் ஒன்றும் குறையாது. கோடையில் இதே ஆசிய வண்டும் அதன் புழுவும் அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்று தீர்க்கின்றன. முள் முள்ளாக, கறுப்பு உடலில் ஆரஞ்சுப் பட்டையோடு குட்டி முதலை போல ஊர்வதுதான் அந்தப் புழு. பலர் அதைக் கெட்ட பூச்சி என்று மருந்தடித்துக் கொல்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. உள்ளூர்ப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் இது தின்னும். தனக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிர் ஒட்டுண்ணியை உடலில் சுமந்து, தன்னைத் தின்னும் மற்றப் பொறிவண்டுகளுக்கு அதனாலேயே கேடு விளைவிப்பதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. இது வந்தபின் பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் இரட்டைப்புள்ளிப் பொறிவண்டு வெகுவாகக் குறைந்தது. தோட்டத்தில் மருந்தடித்தால் முதலில் சாவது இப்படி ஏற்கெனவே நலிந்துபோனவைதான்.

போன வசந்தத்துல தோட்டத்துக்குன்னு ஒரு பை லேடிபக் வாங்கி விட்டேன். அதுதான் இப்போ உள்ளே வந்திருக்கா?

அமெரிக்காவில் வாங்கியிருந்தால் அநேகமாக இல்லை. அங்கே பையில் விற்பது பெரும்பாலும் ஹிப்போடாமியா கன்வெர்ஜென்ஸ் என்ற உள்நாட்டு இனம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் குளிருக்குக் கூடியிருக்கும் கூட்டத்தை அப்படியே அள்ளி விற்கிறார்கள். திறந்துவிட்ட சில நாட்களில் பெரும்பாலானவை பறந்து போய்விடும், உங்கள் அசுவினி அப்படியே இருக்கும். தலைக்குப் பின்னால் 'எம்' குறி இல்லாமல், கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடு சாய்ந்து நெருங்கினால் அது இந்த இனம். அடுத்த முறை அந்தப் பணத்துக்குச் சீலண்ட் வாங்குங்கள்.

கத்தரி இலையைச் சல்லடையாக்குற புள்ளி வண்டும் இதுதானா?

இல்லை. அது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு, பொறிவண்டுக் குடும்பத்திலேயே செடி தின்னும் சிறு கிளையைச் சேர்ந்தது. பளபளப்பு இல்லாமல், மேலே மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாக இருக்கும். ஆசியப் பொறிவண்டு வழவழவென்று மின்னும், இலையைக் கடிக்காது. சந்தேகம் இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வெளிர் மஞ்சளில், கிளைத்த முட்களோடு புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தால் அவற்றைக் கையால் பொறுக்கி, முட்டை இருக்கும் இலையைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.